உபகாரங்களின் ஊழியம்: கேம்பிரிட்ஜ் கணிப்பொறிக் கூடம் கற்பிக்கும் பாடம்

பவுலடியார் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் இறுதி அதிகாரத்தில், வாழ்த்துரைகளின் நடுவே, நாம் எதிர்பாராத ஒரு குரல் கேட்கிறது. நிருபத்தைத் தம் கையால் எழுதிய தெர்தியு என்பவர், தம் பெயரைக் கூறித் தாமும் சபையாருக்கு வாழ்த்துச் சொல்லுகிறார் (உரோ. 16:22). உரோமர் நிருபத்துக்கு விளக்கவுரை வரைந்தோர் எண்ணற்றவர். அவர்களுள் தெர்தியுவுக்கென ஒரு பக்கத்தை ஒதுக்கியோர் மிகச் சிலரே. ஆயினும் அவருடைய கைவழியாகவே அந்நிருபம் சபைக்கு வந்தது. அப்போஸ்தலர் அவரைத் தடுக்கவில்லை என்பதும், அவருடைய வாழ்த்து நிருபத்தின் ஒரு பகுதியாகவே நிலைபெற்றுவிட்டது என்பதும் நம் கவனத்துக்கு உரியவை.

அறிவுத்துறைகளின் வரலாறு முழுவதிலும் இத்தகைய தெர்தியுக்கள் உண்டு. அறிஞரின் பெயர் நூலின் முகப்பில் நிற்கிறது. அவருடைய ஆய்வைச் சாத்தியமாக்கியவர் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை. இக்கட்டுரையில் நாம் அத்தகையோருள் ஒரு சாராரின் வரலாற்றை ஆராய விழைகிறோம். அவர்கள் ஆராய்ச்சிக்கான மென்பொருளை எழுதுவோர். அதாவது, அறிஞர் கேட்கும் கேள்விகளைக் கணிப்பொறி நிறைவேற்றத்தக்க ஆணைத் தொடர்களாக, நிரல்களாக, அமைத்துத் தருவோர். ஒரு பல்கலைக்கழகம் இத்தகையோரைச் சேர்த்துத் தாங்கியபோது என்ன விளைந்தது, தாங்கத் தவறியபோது என்ன நேர்ந்தது என்பதே நம் பொருள்.

இறையியல் ஏட்டில் கணிப்பொறி வரலாறு எதற்கு என வாசகர் வினவலாம். காரணம் இரண்டு. முதலாவது, இன்று திருமறை ஆய்வும் இவர்களுடைய உழைப்பின்மேல் நிற்கிறது. இரண்டாவது, ஒரே சரீரத்தில் பல அவயவங்கள் உண்டு என்னும் நம் போதனை, காணப்படாத அவயவங்களை நாம் நடத்தும் விதத்தினாலேயே சோதிக்கப்படுகிறது.

1. கூடம் தோன்றிய நோக்கம்

இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1937ஆம் ஆண்டில் கணிதக் கூடம் ஒன்றை நிறுவியது. அதன் முதல் தலைவர் ஜான் லெனார்ட்-ஜோன்ஸ். இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டமையால் அக்கூடத்தின் உண்மையான வாழ்வு போருக்குப் பின்னரே தொடங்கிற்று. 1945இல் மாரிஸ் வில்க்ஸ் அதன் பொறுப்பை ஏற்றார். போர்க்காலத்தில் ராடார் பணியில் ஈடுபட்டிருந்தவர் அவர். கணக்கும் கருவியும் இரண்டும் அறிந்தவர்.

இக்கூடம் பல்கலைக்கழகத்தின் மற்றத் துறைகளுக்குக் கணக்கிடும் உதவி அளிப்பதற்கென்றே ஏற்பட்டது. இயற்பியலாரும் வேதியியலாரும் வானியலாரும் தங்கள் கணக்குகளைக் கொண்டுவந்து முடித்துச் செல்வதற்கான பணிமனையாகவே அது கருதப்பட்டது. பிறருடைய ஆய்வுக்குத் துணை நிற்பதே அதன் பிறப்புரிமையாய் இருந்தது என்பதை மறவாதிருந்தால், பின்னர் நடந்தவை நமக்குத் தெளிவாக விளங்கும்.

1946ஆம் ஆண்டு மே மாதத்தில், ஜான் வான் நியூமன் புதிய வகைக் கணிப்பொறி பற்றி எழுதிய அறிக்கையை லெஸ்லி காம்ரி என்பவர் வில்க்ஸிடம் காட்டினார். ஓரிரவுக்கு மட்டுமே கிடைத்த அந்த அறிக்கையை வில்க்ஸ் விடியும்வரை வாசித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடைபெற்ற விரிவுரைகளின் இறுதிப் பகுதியைக் கேட்டுக் கப்பலில் திரும்பும்போதே, தம் கூடத்துக்கான பொறியின் அமைப்பை வரையத் தொடங்கிவிட்டார். அப்பொறிக்கு எட்சாக் என்று பெயரிடப்பட்டது. தேநீர்க் கடைகளை நடத்திவந்த லயன்ஸ் நிறுவனம் தன் கணக்கு வேலைகளுக்கு இது பயன்படலாம் என்று எண்ணி 3,000 பவுண்டு உதவிற்று.

வில்க்ஸ் இங்கு எடுத்த முடிவு ஒன்று நம் பொருளுக்கு மிக முக்கியமானது. வேகத்தில் எல்லாப் பொறிகளையும் மிஞ்சவேண்டும் என்று அவர் முயலவில்லை. எளிமையான, நம்பத்தக்க ஒரு பொறியை விரைவில் கட்டி முடித்தால், மக்கள் அதைப் பயன்படுத்தக் கற்பார்கள். அப்படிக் கற்பதுதான் அரிய வேலை என்று அவர் கருதினார். பொறி பயன்படுத்துவோருக்காகவே என்ற கருத்து அவருடைய திட்டத்தின் அடித்தளமாயிற்று.

2. எட்சாக் பொறியும் துணை நிரல்களும்

1949ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் எட்சாக் தன் முதல் வேலையைச் செய்து, எண்களின் வர்க்கங்களை வரிசையாக அச்சிட்டுத் தந்தது. மான்செஸ்டரில் இதற்கு முந்தின ஆண்டு ஜூன் மாதத்திலேயே சிறு சோதனைப் பொறி ஒன்று இயங்கியதுண்டு. எனினும் ஆராய்ச்சியாளருக்கு ஒழுங்காகப் பணி செய்யும் பொறியாக முன்வந்தது எட்சாக்கே. ஏறத்தாழ 3,000 வால்வுகளைக் கொண்ட அது ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் நினைவகம் பாதரசம் நிரப்பிய குழாய்களால் ஆனது. வினாடிக்கு 650 ஆணைகள் அளவிலேயே அது நிறைவேற்றியது. இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிதே. ஆயினும் கையினால் கணக்கிட்டவர்களுக்கு அது பெருவரம்.

பொறி இயங்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே எதிர்பாராத ஒரு துன்பம் வெளிப்பட்டது. நிரல் எழுதுவது எளிது என்று அனைவரும் எண்ணியிருந்தனர். எழுதிப் பார்த்தபோதோ பிழைகள் மலிந்திருந்தன. தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி தம் நிரல்களிலுள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்ற உணர்வு அக்காலத்தில் தம்மைப் பற்றிக்கொண்டதாக வில்க்ஸ் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். மனிதன் தன் பிழையைத் தானே முழுமையாகக் காண இயலாதவன் என்னும் உண்மை, கணிதத்தின் நடுவிலும் அவர்களை எதிர்கொண்டது.

இதற்குக் கண்ட பரிகாரமே கேம்பிரிட்ஜின் நிலையான கொடை. ஒருவர் எழுதிச் சோதித்துத் திருத்திய பகுதியை மற்றவர் மீண்டும் எழுதவேண்டியதில்லை. அதை அப்படியே எடுத்துத் தம் நிரலில் பொருத்திக்கொள்ளலாம். இவ்வகைப் பகுதிகளுக்குத் துணை நிரல்கள் என்று பெயர். நம் கீர்த்தனைகளை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். பல்லவி பாட்டுப் புத்தகத்தில் ஒருமுறைதான் அச்சிடப்படுகிறது. ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பாடுவோர் பல்லவிக்குச் சென்று, அதை முடித்தபின் அடுத்த சரணத்துக்குத் திரும்புகின்றனர். பொறியும் அவ்வாறே துணை நிரலுக்குச் சென்று, தான் விட்ட இடத்துக்குத் தவறாமல் திரும்பவேண்டும். அதற்கான வழியைக் கண்டவர் டேவிட் வீலர் என்னும் ஆராய்ச்சி மாணவர். அம்முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

துணை நிரல்கள் ஒவ்வொன்றும் துளையிட்ட காகித நாடாவில் பதிக்கப்பட்டு, எஃகுப் பேழை ஒன்றின் சிறு அறைகளில் வகைப்படுத்தி வைக்கப்பட்டன. தேவைப்பட்டவர் மூலநாடாவிலிருந்து படியெடுத்துக்கொண்டார். 1951ஆம் ஆண்டளவில் 87 துணை நிரல்கள் இவ்வாறு சேர்ந்திருந்தன. எண்ணின் மூலம் காண்பது, முக்கோணவியல் மதிப்புகள், வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்ப்பது, விடைகளை அச்சிடுவது எனப் பலவகைகள் அதில் இருந்தன. பிழைகளைக் கண்டுபிடிக்க உதவும் நிரல்கள் ஒரு தனி வகையாகவே அமைந்தன. இவற்றில் ஸ்டான்லி கில் சிறப்பாக உழைத்தார்.

அதே 1951இல் வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் நிரல் எழுதும் முறை குறித்து ஒரு நூலை வெளியிட்டனர். அத்துறையில் அச்சாகி விற்பனைக்கு வந்த முதல் பாடநூல் அதுவே. தங்கள் துணை நிரல்களையும் அந்நூலிலேயே அவர்கள் விவரித்தனர். மறைத்து வைத்திருந்தால் அவர்களுக்கு ஒரு மேன்மை இருந்திருக்கும். பகிர்ந்தமையால் உலகெங்கும் கணிப்பொறி வைத்திருந்தோர் பயனடைந்தனர். 1967இல் வில்க்ஸுக்கு டூரிங் விருது வழங்கப்பட்டபோது, நிரல் நூலகம் என்னும் கருத்தை நல்கிய இந்நூலும் காரணமாகக் குறிப்பிடப்பட்டது.

3. ஒரு கூட்டுறவின் வளர்ச்சி

பேழையும் நாடாவும் மட்டும் ஒரு கூட்டுறவை உண்டாக்கிவிடா. அக்கூடத்தின் அன்றாட ஒழுங்குகளே மக்களை ஒன்றுசேர்த்தன. நிரலை எழுதியவர் தம் நாடாவைப் பொறிக்கு அருகே கட்டியிருந்த ஒரு கயிற்றில் தொங்கவிடுவார். பகற்பொழுதில் பணிசெய்த இயக்குநர்கள் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பொறியில் இடுவர். விடை வந்தால் அச்சிட்ட தாள் திரும்பக் கிடைக்கும். பொறி நடுவே நின்றுவிட்டால் எந்த இடத்தில் நின்றது என்ற குறிப்புக் கிடைக்கும். பொறியோடு ஓர் ஒலிபெருக்கியும் இணைக்கப்பட்டிருந்தது. பழகினவர்கள் அதன் ஓசையைக் கேட்டே நிரல் நன்றாக ஓடுகிறதா, ஒரே இடத்தில் சுழல்கிறதா என்று அறிந்துகொண்டனர்.

அலுவல் நேரம் முடிந்தபின், தகுதி பெற்ற பயனாளர் சிலர் பொறியைத் தாமே இயக்க அனுமதிக்கப்பட்டனர். ஏதேனும் ஒரு வால்வு பழுதாகும்வரை இரவெல்லாம் வேலை நடக்கும். விண்மீன்களின் உள்ளமைப்பைக் கணக்கிட வந்த ஆராய்ச்சி மாணவியான ஜாய்ஸ் பிளாக்லர் இவ்வாறு இரவில் உழைத்தவருள் ஒருவர். பயன்படுத்த வந்தவர்கள் காலப்போக்கில் உதவி செய்கிறவர்களாகவும் மாறினர். பகலில் நாடாக்களைத் துளையிட்டும் பொறியை இயக்கியும் வந்தோருள் பெண்கள் பலர் இருந்தனர் என்பதையும் நாம் இங்கே பதிவு செய்யவேண்டும்.

கற்பித்தலும் உடன் தொடங்கிற்று. 1950ஆம் ஆண்டில் கோடைக்காலப் பள்ளி ஒன்று நடத்தப்பட்டு, பிறவூர்களிலிருந்து வந்தவர்களுக்கு நிரல் எழுதும் கலை கற்பிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அப்பள்ளிக்கு வந்த மாணவருள் ஒருவர், நெதர்லாந்தைச் சேர்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. பின்னாளில் கணிப்பொறி அறிவியலின் தலைசிறந்த ஆசிரியருள் ஒருவராக அவர் விளங்கினார். 1953இல் கேம்பிரிட்ஜ் கணிப்பொறித் துறையில் ஒரு பட்டயப் படிப்பையும் ஏற்படுத்திற்று. அது 2008வரை நடைபெற்றது.

இவற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது, அக்கூடம் தன் பயனாளரை நான்கு வழிகளில் தாங்கியது எனலாம். பொதுவான கருவி, பகிர்ந்துகொண்ட நிரல்கள், முறையான பயிற்சி, அருகிலிருந்து ஆலோசனை கூறும் ஆட்கள் ஆகியன அவை. இந்நான்கில் எது குறைந்தாலும் மற்ற மூன்றும் வலுவிழக்கும்.

4. விளைந்த கனிகள்

இவ்வுதவியினால் பயன்பெற்ற ஆய்வுகள் பல. 1950இல் மரபியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர், மரபுக்கூறுகள் ஒரு நிலப்பரப்பில் பரவும் விதம் பற்றிய தம் சமன்பாட்டைக் கொண்டுவந்தார். எட்சாக் அதற்கு விடை கண்டது. ஜான் கென்ட்ரூ, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவரான ஜான் பென்னெட் என்பவரோடு சேர்ந்து, எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து மூலக்கூறுகளின் வடிவத்தைக் கணக்கிடும் நிரல்களை அமைத்தார். அந்த உழைப்பின் தொடர்ச்சியாகத் தசைகளிலுள்ள மையோகுளோபின் என்னும் புரதத்தின் வடிவம் முதன்முதலாக மனிதருக்குத் தெரிய வந்தது. 1962இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கென்ட்ரூவுக்கும் மாக்ஸ் பெருட்ஸுக்கும் வழங்கப்பட்டது.

1958 ஜூலையில் எட்சாக் நிறுத்தப்பட்டு, இரண்டாம் எட்சாக் அதன் இடத்தை ஏற்றது. கடலடித் தரையின் காந்தப் பதிவுகளை ஆராய்ந்து, கண்டங்கள் நகருகின்றன என்னும் கொள்கைக்கு 1963இல் வலுவூட்டிய வைன், மேத்யூஸ் ஆகியோரின் கணக்குகள் அதில் செய்யப்பட்டன. வானொலி வானியலில் 1974ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மார்ட்டின் ரைலின் முறையும் கணிப்பொறியின்றி நடந்திராது.

உதவி கிடைக்காதபோது நேர்ந்ததும் பதிவாகியுள்ளது. நரம்புகளில் மின்னலை செல்லும் விதத்தை ஆராய்ந்த ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் 1951இல் தம் சமன்பாடுகளைத் தீர்க்க விரும்பியபோது, மாற்றியமைப்பு வேலைக்காக எட்சாக் பல மாதங்கள் நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உழைத்து அவ்விடைகளைக் கண்டார். அவர்களுடைய கட்டுரைகள் 1952இல் வெளிவந்தன. 1963இல் நோபல் பரிசும் வந்தது. அறிஞரின் விடாமுயற்சியை நாம் போற்றுகிறோம். ஆனால் எல்லா ஆராய்ச்சி மாணவரும் ஹக்ஸ்லி அல்லர். துணையின்றி நடுவழியில் கைவிடப்பட்ட ஆய்வுகளை எந்த வரலாறும் எண்ணி வைப்பதில்லை.

5. திருமறை ஆய்வும் இறையியலும்

எட்சாக் இயங்கிய அதே 1949ஆம் ஆண்டில், இத்தாலிய இயேசு சபைக் குருவான ரொபெர்த்தோ புசா அமெரிக்காவுக்குச் சென்று, ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்தார். தாமஸ் அக்குவினாஸின் எழுத்துகளிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சொல்லடைவு வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அவ்வேலை 1974 முதல் 1980 வரையில் 56 தொகுதிகளாக அச்சாயிற்று. கல்லாராத்தே என்னும் ஊரில் அச்சொற்களை அட்டைகளில் துளையிட்டவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். புசாவின் பெயரை உலகம் அறிந்தது. அப்பெண்களுள் சிலருடைய பெயர்களோ, இந்நூற்றாண்டில் ஆய்வாளர் தேடிச் சென்று கேட்டபின்னரே வெளிவந்தன. எருசலேமின் அலங்கத்தைக் கட்டினவர்களை வரிசைப்படுத்தும் நெகேமியாவின் ஏடு, சல்லூமோடு அவன் குமாரத்திகளையும் குறிப்பிடத் தவறவில்லை (நெகே. 3:12) என்பதை நாம் இவ்விடத்தில் நினைவுகூர்வது தகும்.

அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபையின் குருவான ஜான் எல்லிசன், திருத்திய ஆங்கிலத் திருமறைப் பதிப்புக்குக் கணிப்பொறியைக் கொண்டு ஒத்தவாக்கிய நூல் ஒன்றைத் தொகுத்து 1957இல் வெளிக்கொணர்ந்தார். 1963இல் ஸ்காட்லாந்துத் திருச்சபைப் போதகரான மார்ட்டன், கிரேக்கச் சொற்களைக் கணிப்பொறியால் எண்ணி, பவுலின் பெயரில் உள்ள நிருபங்களுள் உரோமர், கொரிந்தியர் இரண்டு, கலாத்தியர் ஆகிய நான்கே பவுலுடையவை என அறிவித்தார். செய்தித்தாள்களில் பெரும் பரபரப்பு எழுந்தது. எல்லிசன் அதே முறையை ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய ஆங்கில நாவலின்மேல் செலுத்தி, ஒருவர் எழுதிய அந்நூலும் பலர் எழுதியதாகவே தோன்றும் எனக் காட்டினார்.

இந்நிகழ்ச்சி நமக்குப் போதிப்பது யாது? நிருபங்களின் ஆசிரியர் யார் என்ற வினா இன்றும் அறிஞரிடையே பேசப்படுகிறது. அதைப் பற்றி நாம் இங்கு தீர்ப்புக் கூறவில்லை. பொறியிலிருந்து வந்த விடை என்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதே பாடம். பொறியை அறிந்த இன்னொருவர் அதைச் சோதித்தமையால்தான் அம்முறையின் வலுவின்மை வெளிப்பட்டது. தனித்து இயங்கும் நிபுணரைவிட, ஒருவரையொருவர் சோதிக்கும் கூட்டுறவே சத்தியத்துக்கு ஏற்ற காவல்.

6. பெயரற்றவர்களுக்கு ஒரு பெயர்

ஆண்டுகள் செல்லச் செல்லக் கணிப்பொறி மலிவாயிற்று. ஒவ்வொரு துறையிலும், பின்பு ஒவ்வொரு மேசையிலும் அது வந்துவிட்டது. பொதுக்கூடத்துக்குச் செல்லவேண்டிய தேவை குறைந்தது. கூடத்தோடு இருந்த கூட்டுறவும் பல இடங்களில் கலைந்தது. ஆராய்ச்சி மாணவர் தாமே கற்று, தாமே எழுதி, பட்டம் பெற்றுச் சென்றபின் அந்நிரலைப் புரிந்துகொள்வார் எவருமில்லை என்ற நிலை பரவியது.

பிரிட்டனில் 2010ஆம் ஆண்டில், எடின்பரோ பல்கலைக்கழகத்தைத் தலைமையாகக் கொண்டு, மென்பொருள் நிலைபேற்று நிறுவனம் ஒன்று ஏற்பட்டது. அது 2014இல் ஆராய்ச்சியில் முன்னிற்கும் 15 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 417 ஆய்வாளரிடம் விசாரித்தது. அவர்களுள் 92 விழுக்காட்டினர் ஆராய்ச்சி மென்பொருளைப் பயன்படுத்தினர். அது இல்லையேல் தங்கள் ஆய்வு நடைமுறையில் இயலாது என்றோர் 69 விழுக்காடு. 56 விழுக்காட்டினர் தாமே நிரல் எழுதினர். அவ்வாறு எழுதியோருள் ஐவரில் ஒருவர் அதற்கான பயிற்சி எதுவும் பெறாதவர்.

நல்ல நிரல் எழுதத் தெரிந்தவர்கள் பல்கலைக்கழகங்களில் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களுக்குப் பதவிப் பெயரே இல்லை. ஆய்வு உதவியாளர் என்னும் பெயரில், இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் அவர்கள் பணிபுரிந்தனர். பதவி உயர்வு, வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டது. மற்றவரின் கட்டுரைகள் பிறக்க உழைத்தவரிடம் காட்டுவதற்குத் தம் கட்டுரை இருக்கவில்லை. 2012இல் ஆக்ஸ்போர்டில் நடந்த ஒரு கூட்டத்தில் இக்குறையைப் பேசியோர், ஆராய்ச்சி மென்பொருட் பொறியாளர் என்னும் பெயரை முன்வைத்தனர். பெயர் கிடைத்தவுடன் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். அதே ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி, எல்லாத் துறைகளுக்கும் துணைசெய்யும் ஒரு குழுவை அமைத்தது. 2013இல் ஒரு சங்கம் தோன்றிற்று. 2016இல் மான்செஸ்டரில் முதல் மாநாடு கூடிற்று. 2019இல் அச்சங்கத்தின் வழியாக முறையான கழகம் உருவாயிற்று. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இத்தகைய சங்கங்கள் எழுந்தன.

இது வெறும் பதவிப் பெயர் பற்றிய விவாதமன்று என்பதை 2020ஆம் ஆண்டு காட்டிற்று. கொரோனாத் தொற்றுப் பரவிய அவ்வாண்டு மார்ச் 16ஆம் நாள் லண்டன் இம்பீரியல் கல்லூரி வெளியிட்ட கணிப்பு, நாட்டின் கொள்கையையே திருப்பக்கூடிய கனம் உடையதாயிருந்தது. அக்கணிப்பின் பின்னால் இருந்த நிரல், பல ஆண்டுகளாகச் சேர்த்துச் சேர்த்து எழுதப்பட்டது. அப்போது அது வெளியார் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கவில்லை. பின்னர், மென்பொருள் வல்லுநர் உதவியோடு ஒழுங்குபடுத்தப்பட்டு வெளியிடப்பட்டபோது, அதன் எழுத்துமுறை கடுமையாகத் தாக்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ஒருவர் அதைத் தனியே இயக்கிப் பார்த்து, அறிக்கையின் முடிவுகள் அடிப்படையில் மீண்டும் கிடைக்கின்றன என உறுதிசெய்தார். எனினும் இலட்சக்கணக்கான உயிர்களைப் பற்றிய ஒரு சொல்லை மக்கள் நம்பலாமா என்ற ஐயம், நிரலைக் காலத்தில் பேணத் துணையாள் இருந்தாரா என்ற கேள்வியாக வந்து நின்றதை நாம் மறக்கலாகாது.

7. இறையியல் நோக்கு

பவுலடியார் சபையில் தேவன் ஏற்படுத்தின வரங்களை எண்ணும்போது, அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், போதகர்கள் என்னும் வரிசையில் உபகாரங்கள் என்ற ஒன்றையும் சேர்க்கிறார் (1 கொரி. 12:28). அதற்குரிய கிரேக்கச் சொல்லான ஆன்டிலெம்ப்சிஸ் புதிய ஏற்பாட்டில் இவ்வோரிடத்தில் மட்டுமே வருகிறது. பிறருடைய பாரத்தைக் கைகொடுத்துத் தாங்குதல் என்ற பொருள் அதில் உண்டு. நாம் சபை வரலாற்றில் முதல் மூன்று வரங்களுக்குப் பட்டங்களும் அங்கிகளும் அமைத்தோம். உபகாரங்களுக்கோ நன்றியுரையில் ஒரு வரிதான் கொடுத்தோம். பலவீனமாய்த் தோன்றும் அவயவங்களே மிகவும் அவசியமானவை என்னும் அதே அதிகாரத்தின் போதனை (12:22), இவ்வழக்கத்தை நேராகக் கண்டிக்கிறது.

ஆசரிப்புக் கூடாரம் கட்டப்பட்ட வரலாறும் இங்கு ஒளி தருகிறது. பெசலெயேலும் அகோலியாபும் கைத்தொழிலில் தேவ ஆவியின் நிறைவைப் பெற்றனர். அவர்களுடைய பெயர்கள் மறைக்கப்படவில்லை. மோசே அவர்களைச் சபையின் முன்பாகப் பெயர் சொல்லியே அறிவித்தான். மேலும், மற்றவர்களுக்குக் கற்பிக்கும் வரமும் அவர்களுக்கு அருளப்பட்டது (யாத். 35:34). தொழில்திறனும் கற்பித்தலும் பிரியாதவை என்ற இவ்வுண்மையையே கேம்பிரிட்ஜின் எஃகுப் பேழையும் கோடைப் பள்ளியும் தம் வழியில் காட்டின.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அங்கீகாரம் தேடுவது பெருமைக்கு இடமாகாதா, மறைவில் செய்யும் ஊழியமே மேலானதன்றோ என்று சிலர் கூறுவர். தன் ஊழியத்தை மறைவில் செய்வது ஒருவரின் தாழ்மை. பிறருடைய ஊழியத்தை மறைத்துவிடுவதோ வேறு, அது அநீதி. முன்னதைக் காரணம் காட்டிப் பின்னதை நியாயப்படுத்த நமக்கு உரிமையில்லை. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று கற்பித்த ஆண்டவர், அக்கூலியைத் தாழ்மையின் பெயரால் பிடித்துவைக்க எவருக்கும் அனுமதி கொடுக்கவில்லை.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து இறையியல் கல்வி நிலையங்கள் சிலவற்றை நடைமுறையில் கைக்கொள்ளலாம். ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாணவர், சொல்லடைவையும் அட்டவணையையும் கணிப்பொறி நிரலையும் அமைத்துத் தந்தவரை, எவ்வேலை செய்தார் என்பதோடு பெயர் கூறிக் குறிப்பிடும் ஒழுங்கை ஏற்படுத்தவேண்டும். ஒருவருக்காகச் செய்த கருவி, அவர் பட்டம் பெற்றுச் சென்றபின் அழியாமல், நூலகத்தில் நூலைப்போலவே வகைப்படுத்திக் காக்கப்படவேண்டும். ஆய்வுமுறை பற்றிய பாடத்தில், பொறி தரும் விடையைச் சோதிக்கும் விதமும் கற்பிக்கப்படவேண்டும். நிதித் திட்டம் வகுக்கும்போது, கருவிக்கு ஒதுக்கும் பணத்தோடு, அக்கருவியைப் பேணும் மனிதருக்கும் நிலையான ஊதியம் ஒதுக்கவேண்டும். கணிப்பொறிகளை நன்கொடையாகத் தருவோர் பலர் கிடைப்பர். அவற்றைப் பேணுவோரின் ஊதியத்துக்குத் தருவோர் அரியர். இதைச் சபையாருக்கு எடுத்துரைப்பதும் நம் கடமை.

கேம்பிரிட்ஜ் கூடத்தைச் சேர்ந்தவர்கள் இவற்றை இறையியல் கோட்பாடாக எழுதி வைத்தாரில்லை. பிறருடைய கேள்விக்கு உதவுவதைத் தங்கள் பணியாக ஏற்று, கற்றதைப் பகிர்ந்து, தங்கள் பிழைகளை மற்றவர் காண இடங்கொடுத்தனர். அவ்வளவே அவர்கள் செய்தது. அதன் பலனை உலகம் இன்றளவும் அனுபவிக்கிறது. உபகாரங்களின் வரத்தைத் தன் பட்டியலில் ஏற்கெனவே பெற்றிருக்கும் திருச்சபை, அதைத் தன் கல்விக்கூடங்களில் கண்டுணர்ந்து கனப்படுத்துமாக.